பார்க்காமல் வாசித்த பக்கம்

அந்த மனிதரை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய முகமல்ல, கால்கள். எங்கள் பாடசாலையில் சப்பாத்தோடு யாரும் வகுப்புக்குள் வரக்கூடாது. பிள்ளைகள் காலுறையோடு ஓடித் திரிவார்கள். பெற்றோருக்கென்று வாசலில் ஒரு பெட்டி நிறைய நீல நிறப் பிளாஸ்டிக் உறைகள் வைத்திருப்போம், சப்பாத்துக்கு மேலே மாட்டிக்கொண்டு வருவதற்கு. அனேகமானவர்கள் அந்தச் சிரமமே வேண்டாமென்று சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்துவிடுவார்கள். அவர் ஒருநாளும் கழற்றியதில்லை. நன்றாக மினுக்கிய கறுப்புச் சப்பாத்து, அதன்மேல் நீல உறை, மேலே கோட்டும் சூட்டும். ஒவ்வோர் அடிக்கும் சரக், சரக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் நடைபாதையின் மறுமுனையில் கேட்கும்போதே நான் பல்லைக் கடித்துக்கொண்டு தயாராகிவிடுவேன். ஒன்பது வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் யாராவது அந்த உறையோடு நடந்து வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவரை மன்னித்துவிட்டு எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எங்கள் ஆட்கள் அவரை அறிவிப்பாளர் என்றுதான் சொல்வார்கள். கிழமை நாட்களில் பஸ் ஓட்டுவார். சனி, ஞாயிறுகளில் ஒஸ்லோவில் எங்கே தமிழர் கூடினாலும் ஒலிவாங்கி அவர் கையில் இருக்கும். விளையாட்டுப் போட்டி, பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு, கோயில் திருவிழா, எதுவானாலும் அவர் குரல்தான். நல்ல குரல், அதை நான் மறுக்கமாட்டேன். வெளியே யாரோ காரின் விளக்கை அணைக்க மறந்துவிட்டார்கள் என்பதைக்கூட மண்டபமே எழுந்து நிற்க வேண்டும்போல அறிவிப்பார். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குவதும் அவர்தான். இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து ஓடாது. ஆகவே தமிழ்ப் பேச்சு முழுவதையும் நோர்வே எழுத்தில் எழுதிக் கொடுப்பார். பிள்ளை அதைப் பாடமாக்கி, மேடையில் கையை நீட்டி, கண்ணை உருட்டி, ஒரு சொல் பிசகாமல் முழங்கிவிட்டு இறங்கி வரும். என்ன சொன்னாய் என்று கேட்டால், தெரியாது என்று நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லும். நான் இரண்டு முறை அங்கே நடுவராக இருந்திருக்கிறேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோது தலையிடி என்று சொல்லிவிட்டேன்.

நான் ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். குடியிருப்பது நகரத்துக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில், போய்வருவது பஸ்ஸில். பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். அந்த நாட்களில் ஆங்கிலப் பாடம் இருக்கிற காலைகளில் எனக்கு வயிற்றுவலி வரும், பாடம் முடிய மாறும். வெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. நோர்வேஜிய மொழி தெரியாத பிள்ளையைப் பார்த்து எல்லோரும் பாவம் என்பார்கள், மெதுவாகக் கதைப்பார்கள். ஆங்கிலம் தெரியாத பிள்ளையை யாரும் பாவம் பார்ப்பதில்லை. இங்குள்ள பிள்ளைகள் விளையாட்டுகளிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலத்தைக் கேட்டுக் கேட்டே வளர்ந்து, பதினொரு வயதில் வெள்ளமாகக் கதைப்பார்கள். அவர்கள் நடுவில் எழுந்து நின்று ஒரு பந்தியைத் தட்டுத் தடுமாறி வாசிப்பதென்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சிரிக்கக்கூட மாட்டார்கள், பொறுமையாகக் காத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பொறுமை சிரிப்பைவிட மோசமானது.

அறிவிப்பாளரின் மகள் ஆறாம் வகுப்பில் என்னிடம் வந்தாள். அவளும் தாயும் விசாவுக்காக யாழ்ப்பாணத்தில் ஆறு வருஷம் காத்திருந்தவர்கள். தகப்பனைத் தொலைபேசித் திரையில் பார்த்து வளர்ந்த பிள்ளை. பத்து வயதில் வந்து, ஒரு வருஷத்துக்குள் நோர்வேஜிய மொழியை ஓரளவு பிடித்துவிட்டாள். கெட்டிக்காரி. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் எழுதுவாள். வாசிக்கச் சொன்னால் சட்டைக் கையை விரல்களுக்கு மேலே இழுத்து மூடிக்கொண்டு கீழே பார்ப்பாள். இந்த நாட்டில் பிள்ளைகள் ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவள் ஒருத்திதான் என்னை ரீச்சர் என்று கூப்பிட்டாள், அதுவும் மற்றவர்களுக்குக் கேட்காதபடி. அப்படிக் கூப்பிடும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வரும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வரிசையாக ஒவ்வொருவரையும் எழுப்பி வாசிக்கவைக்கும் வழக்கத்தை நான் என் வகுப்பில் முதல் வருஷமே நிறுத்திவிட்டேன். தன் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வேறெதுவும் காதில் விழாது. கூச்சப்படுகிற பிள்ளைகள் நான்கு பேரைப் பக்கத்துச் சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். முதலில் நான் வாசிப்பேன், அவர்கள் கேட்பார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து வாசிப்போம், யாருடைய பிழை யாருடையது என்று தெரியாதபடி. பிறகு இரண்டு இரண்டு பேராக. நான் முன்னால் நிற்பதில்லை, பக்கத்தில் இருப்பேன். வாசிக்கும்போது இடையில் நிறுத்தித் திருத்துவதில்லை. எந்த வரியை வாசிப்பது என்று பிள்ளையே தெரிவு செய்யலாம், ஒரே ஒரு வரியென்றாலும் போதும். இவளை ஒரு போலந்துப் பிள்ளையோடு சோடி சேர்த்துவிட்டிருந்தேன். இலையுதிர்கால விடுமுறை முடிந்து வந்த கிழமை, இரண்டு பேரும் ஒரே குரலாக வாசித்துக்கொண்டிருந்தபோது போலந்துப் பிள்ளைக்கு இருமல் வந்துவிட்டது. இவள் தனியே ஒன்றரை வரி வாசித்துவிட்டாள். அதன் பிறகுதான் தன் குரல் மட்டும் கேட்பதைக் கவனித்து நிறுத்தினாள். காது சிவந்து என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் நடக்காததுபோல் பக்கத்தைப் புரட்டினேன். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அடுத்த கிழமை நடைபாதையில் சரக், சரக் என்று சத்தம் கேட்டது.

"நீங்கள் தமிழ்ப் பொம்பிளைதானே?" என்று தொடங்கினார். வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"ஓம்."

"அப்ப ஏன் என்ரை பிள்ளையை மற்றப் பிள்ளையளிட்டை இருந்து பிரிச்சு ஒரு அறைக்குள்ள அடைக்கிறியள்?"

"அடைக்கேல்லை. நாலு பிள்ளையள் சேர்ந்து வாசிக்கினம். அவவுக்கு இப்பதான் குரல் வெளியிலை வரத் தொடங்கியிருக்கு. கொஞ்ச நாள் பொறுங்கோ."

"எனக்கு உங்கட விளக்கம் தேவையில்லை. பிறந்தநாள் வீட்டிலை நாலு பேருக்கு முன்னாலை ஒருத்தி கேக்கிறா, உங்கட மகள் மொக்குப் பிள்ளையளின்ரை அறையிலையோ இருக்கிறா எண்டு. ஊருக்கெல்லாம் பேசப் பழக்கிறவன்ரை பிள்ளைக்கு வாய் இல்லையாம். எனக்கு எப்பிடி இருக்கும்?"

அந்த இடத்தில் நான் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். அந்த மனிதருக்கு உண்மையாகவே வலித்திருக்கிறது. ஆனால் 'எனக்கு எப்படி இருக்கும்' என்ற அந்தக் கடைசிச் சொற்கள்தான் என் காதில் நின்றன. பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பிறந்தநாள் வீட்டிலை கேட்ட கேள்விக்குப் பள்ளிக்கூடத்திலை பதில் தேடாதேங்கோ. இது உங்கட மேடை இல்லை, என்ரை வகுப்பு" என்றேன்.

"படிச்ச திமிர் கதைக்குது. நான் கதைக்க வேண்டிய இடத்திலை கதைக்கிறன்."

கதைத்தார். அதிபருக்கு எழுதினார், பிள்ளையைத் தனியே எடுக்கப் பெற்றோருக்குச் சம்மதமில்லை என்று. அதிபர் நல்ல மனுஷி, பெற்றோர் சம்மதம் என்ற சொல்லைக் கேட்டால் பயந்துவிடுவார். பிள்ளை வகுப்புக்குத் திரும்பிப் போனாள், போலந்துப் பிள்ளைக்குச் சோடி இல்லாமல் போனது. கோயிலிலும் தமிழ்க் கடையிலும் என்னைப் பற்றிய கதை எனக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது. தன்னுடைய ஆட்களையே மட்டந்தட்டிறவ என்று. எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் என் மச்சாள் சுடச்சுட எல்லாவற்றையும் கொண்டுவந்து சொல்வாள். சொல்லிவிட்டு, "நான் ஒண்டும் கதைக்கேல்லை, கேட்டதைச் சொல்லுறன்" என்பாள். நான் கறுவிக்கொண்டு இருந்தேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு அதிசயம் நடந்தது. அந்தக் கிழமைக்குரிய பகுதியை யார் வாசிக்கப் போகிறீர்கள் என்று கேட்டபோது அவள் கையை உயர்த்தினாள். எழுந்து நின்று, புத்தகத்தை நெஞ்சளவில் பிடித்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வாசித்தாள். ஏற்றம், இறக்கம், நிறுத்தம் எல்லாம் இருந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் நான் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் வரியோடு ஓடவில்லை. பக்கம் முடிந்து அடுத்த பக்கத்தின் இரண்டாவது வசனத்துக்கு வாய் போன பிறகுதான் விரல் பக்கத்தைப் புரட்டியது.

இடைவேளையில் அவளை நிறுத்திக் கேட்டேன். முதலில் கதவைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தின் நடுவிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். எங்கள் பாடப் பகுதி முழுவதும் அந்தத் தாளில் தமிழ் எழுத்தில் இருந்தது. 'த லாஸ்ட் பஸ் ஹாட் ஆல்றெடி கோன்' என்று தொடங்கி, அச்சுப் போன்ற உருண்டைக் கையெழுத்தில், ஒரு வெட்டுக்கொத்து இல்லாமல். இடையிடையே சிவப்பு மையில் குறிப்புகள்: மூச்சு. குரல் உயர்த்து. இங்கே நிறுத்து. நிமிர்ந்து பார். பேச்சுப் போட்டிக்கு நோர்வே எழுத்தில் தமிழ் எழுதிக் கொடுத்துப் பழகிய கை, இப்போது தமிழ் எழுத்தில் ஆங்கிலம் எழுதியிருந்தது. வேலை முடிந்து வந்து, உடுப்பு மாற்றாமல், குசினியில், சாப்பாட்டு மேசையில் இருந்து தகப்பன் எழுதுவாராம். பிறகு அவளை வரவேற்பறையின் நடுவில் நிறுத்திச் சொல்ல வைப்பாராம்.

"இதை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ ரீச்சர்" என்றாள். "கிளாசிலை தெரிஞ்சால் நான் இனிப் பள்ளிக்கூடம் வரமாட்டன்."

"காட்டமாட்டன்."

"உண்மையா?"

"உண்மையா."

"இது இருந்தால் எனக்குப் பயமில்லை. அடுத்து என்ன வருமெண்டு தெரியும்தானே. இப்ப மெல்ல மெல்ல இங்கிலிஸ் எழுத்தையும் பாக்கிறனான். சில சொல்லு அதிலையே தெரியுது."

அவள் சொன்ன அந்தக் கடைசி இரண்டு வசனங்களும் எனக்கு இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கின்றன. அன்றைக்குக் காதில் விழுந்தன, மண்டையில் ஏறவில்லை. ஒரு பிள்ளை தானாகவே ஒரு எழுத்திலிருந்து மற்ற எழுத்துக்குப் போகிற வழியைக் கண்டுபிடித்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தச் சிவப்பு மைதான் தெரிந்தது. அந்த மனிதர் என் பாடத்தைப் பேச்சுப் போட்டியாக்கிவிட்டார், வாசிக்கத் தெரியாத பிள்ளையை வாசிக்கிற பிள்ளைபோல நடிக்க வைத்துவிட்டார் என்ற கொதிப்புத்தான்.

நவம்பர் கடைசியில் பெற்றோர் சந்திப்பு வந்தது. பிள்ளை, பெற்றோர், வகுப்பாசிரியர் மூன்று பேரும் இருந்து கதைப்பது. அறிவிப்பாளர் ஆங்கில ஆசிரியையும் வரவேண்டும் என்று கேட்டிருந்தார். நான் ஏன் என்று விளங்கிக்கொண்டுதான் போனேன். பின்னேரம் நாலு மணி, வெளியே கும்மிருட்டு. வகுப்பாசிரியர் ஒரு நோர்வேஜியர், இளம் ஆள், எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தாய் வேலைக்குப் போயிருந்தார். பிள்ளை தகப்பனுக்குப் பக்கத்தில், முதுகு நாற்காலியில் படாமல் இருந்தாள்.

"என்னுடைய மகள் ஆங்கிலம் வாசிப்பதை நீங்கள் கேட்க வேண்டும்" என்று நோர்வேஜிய மொழியில் வகுப்பாசிரியரிடம் சொன்னார். பஸ்ஸில் பயணிகளுக்குச் சொல்கிற குரலல்ல, மேடைக் குரல். பிள்ளை எழுந்து நின்றாள். அந்தக் கிழமைப் பக்கத்தை வாசித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சின்னதாகத் தலையை ஆட்டினார். வாசித்து முடிந்ததும் வகுப்பாசிரியர் அற்புதம் என்றார். அறிவிப்பாளர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே, வகுப்பாசிரியருக்கு ஏதோ நன்றி சொல்வதுபோல், தமிழில் சொன்னார்:

"உங்கட அறைக்குள்ள ரெண்டு மாசத்திலை வராதது என்ரை வீட்டிலை மூண்டு கிழமையிலை வந்திட்டுது. படிப்பிக்கத் தெரியாட்டில் ஏன் இந்த வேலைக்கு வந்தனீங்கள்?"

நான் அந்தக் கணத்தில் என்ன செய்யலாமென்று யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை. கையை நீட்டி, பிள்ளையின் கையிலிருந்த புத்தகத்தில் பத்துப் பக்கம் தள்ளிப் புரட்டிவிட்டு, நோர்வேஜிய மொழியில், இனிமையாக, "இப்போது இதை வாசி" என்றேன்.

அவள் பக்கத்தைப் பார்த்தாள். முதலாவது சொல்லைப் பிடிக்க முயன்றாள், நான் கண்டேன், உதடு அசைந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பிடித்திருப்பாளோ என்னவோ. தகப்பன் "வாசி" என்றார். அவள் சட்டைக் கையை இழுத்து விரல்களை மூடினாள். வகுப்பாசிரியரின் சிரிப்பு எங்கே போய் இருப்பதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. அப்போதும் நான் நிறுத்தவில்லை. புத்தகத்தின் நடுவிலிருந்த தாளை உருவி எடுத்து, விரித்து, மேசையில் வைத்தேன். இது என்ன எழுத்து, இதை யார் எழுதுகிறார், இந்தச் சிவப்புக் குறிப்புகள் எதற்கு, இந்தப் பிள்ளை இதுவரை வகுப்பில் ஒரு வரிகூட உண்மையில் வாசிக்கவில்லை என்று எல்லாவற்றையும் நல்ல தெளிவான நோர்வேஜிய மொழியில் வகுப்பாசிரியருக்கு விளக்கினேன். தமிழில் சொல்லியிருந்தால் எங்கள் மூன்று பேரோடு முடிந்திருக்கும். நான் நான்காவது ஆளுக்கு விளங்கவேண்டும் என்றுதான் சொன்னேன்.

அறிவிப்பாளர் எழுந்தார். தாளை எடுத்து, பழைய மடிப்புகளிலேயே மடித்து, சட்டைப்பைக்குள் வைத்தார். "வா பிள்ளை" என்றார். பிள்ளை அழவில்லை. போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். தகப்பனை அல்ல, என்னைத்தான்.

"இது வெளியே வந்தது நல்லதாகப் போயிற்று" என்றார் வகுப்பாசிரியர். ஓம் என்றேன். வீடு போகிற பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவருடைய மூக்கை நன்றாக உடைத்துவிட்டேன் என்று, மச்சாளிடம் எப்படிச் சொல்வது என்றுகூட வசனம் சேர்த்துக்கொண்டு வந்தேன். இதை எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விடுவதென்றால் மற்ற எதையும் எழுதத் தேவையில்லை.

திங்கட்கிழமை அவள் வந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். இரண்டு கையாலும் புத்தகத்தை மூடினாள். அன்றிலிருந்து ஏழாம் வகுப்பு முடியும்வரை, என் பாடத்தில் அவள் வாயிலிருந்து ஓர் ஆங்கிலச் சொல் வரவில்லை. தகப்பன் இம்முறை தடுக்கவில்லை; சின்ன அறைக்கு வரச் சொன்னேன், வந்தாள், சேர்ந்து வாசிக்கும்போது உதட்டை மட்டும் அசைத்தாள். வீட்டில் பதிவுசெய்து எனக்கு மட்டும் அனுப்பு என்றேன், அனுப்பவில்லை. எழுத்துப் பரீட்சையில் முதல் ஆளாக வந்தாள். ரீச்சர் என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள், பெயரும் சொல்லவில்லை. ஒருநாள் எல்லோரும் வெளியே போன பிறகு தமிழில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றாள், நோர்வேஜிய மொழியில். அதற்குப் பிறகு எதற்கும் அந்த மொழிதான்.

தகப்பனைப் பற்றிச் சொல்லவேண்டும், அவரை நினைத்துத்தானே தொடங்கினேன். அவர் மேடையை விடவில்லை. ஒரு விழாவில் பரிசு கொடுப்பதற்கு என்னையும் அழைத்திருந்தார்கள். எல்லோரையும் பெயரும் பட்டமும் சொல்லி, குரலை உருட்டி அழைத்தவர், என் முறை வந்தபோது, "அடுத்த பரிசிலை ஒரு ஆசிரியை வழங்குவார்" என்றார். ஒரு ஆசிரியை. நான் படியேறி, அவருடைய ஒலிவாங்கிக்கு ஒரு முழத்தூரத்தில் நின்று, பரிசைக் கொடுத்து, படம் எடுத்து, இறங்கினேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இன்னொரு நாள் கோயிலில் அன்னதானத்துக்கு நின்றபோது வரிசையில் எனக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டார்.

"நீங்கள் என்னோடை சண்டை பிடிச்சிருக்கலாம்" என்றார் தணிந்த குரலில். அவருக்கு அப்படியொரு குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "நான் தாங்குவன். நீங்கள் பிள்ளையோடை பிடிச்சியள்."

"அந்தத் தாளை எழுதினது ஆர்? நானோ?"

"நான்தான். வேலையாலை வந்து, ஒவ்வொரு சொல்லையும் போனிலை திருப்பித் திருப்பிக் கேட்டு எழுதினனான். எனக்கு மட்டும் இங்கிலிஸ் தண்ணிபட்ட பாடோ?"

சோற்றுத்தட்டை எடுத்துக்கொண்டு நான் மற்றப் பக்கம் போய்விட்டேன். அவர் சொன்னது பிழையென்றால் எனக்குக் கோபம் வந்திருக்காது. உண்மையாக இருந்ததால்தான் அந்தச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன், பிள்ளையை வரவேற்பறையின் நடுவில் நிறுத்தி, நிமிர்ந்து பார் என்று சிவப்பு மையில் எழுதியது யாருக்காக? பிறந்தநாள் வீட்டில் கேட்டவளுக்காக. அவர் தன் மானத்துக்காகப் பிள்ளையை எழுப்பி நிறுத்தினார், நான் என் மானத்துக்காக விழுத்தினேன். இதில் யார் கூடுதலான குற்றவாளி என்று அந்த மனிதரோடு இருந்து கதைக்க என்னால் முடியாது. அவரை என் கண்ணிலே காட்டக்கூடாது.

ஒன்று மட்டும் மாறியது. இப்போது என் வகுப்பில் கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு வாசிக்க வேண்டிய பகுதியை ஒரு கிழமைக்கு முன்பே கொடுத்துவிடுகிறேன். பாடமாக்கினாலும் பரவாயில்லை என்கிறேன். எந்த எழுத்தில் வேண்டுமானாலும் எழுதி வைத்துக்கொள்ளலாம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் பாதி குறையும். பயம் குறைந்தால் கண் தானாக வரியைத் தேடும். சொல்லும் எழுத்தும் ஓர் இடத்தில் சந்திக்கும். இளம் ஆசிரியர்கள் இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்கிறார்கள். அனுபவம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். ஒரு பஸ் ஓட்டுநரின் குசினி மேசையில் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அவருக்கு இதைச் சொல்லப்போவதும் இல்லை.

போன ஓகஸ்ட்டில், புதிய பாடசாலை வருஷம் தொடங்கியபோது, எங்கள் பிரிவுக்கு ஒரு உதவியாளர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகமுன் ஒரு வருஷம் வேலை செய்கிற பிள்ளைகள் இப்படி வருவது வழக்கம். ஆசிரியர் அறைக்குள் போனேன், கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். இருபது வயது. என்னைவிட உயரம். கையை நீட்டித் தன் பெயரை நோர்வேஜிய மொழியில் சொன்னாள், நான் அவளை முதல்முறையாகச் சந்திப்பதுபோல. நானும் என் பெயரைச் சொன்னேன். ஆறு கிழமை அப்படியே போனது. மரியாதைக்குக் குறைவில்லை. இந்தத் தாள்களைப் பிரதி எடுக்கட்டுமா, இன்றைக்கு யாரை முற்றத்தில் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். தகப்பன் எப்படி என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிள்ளைகள் அவளிடம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை என்றும் சொல்லமுடியாது, பிடித்தது என்றும் சொல்லமுடியாது.

செப்டெம்பர் முடியும்போது, எரித்திரியாவிலிருந்து வந்து எட்டு மாதமான ஒரு சிறுமியைச் சின்ன அறையில் வாசிக்கவைத்துக்கொண்டிருந்தோம். ஒரு கிழமைக்கு முன்பே கொடுத்த பகுதி. பிள்ளைக்குத் தெரியும், எனக்கு நிச்சயம். அறிவிப்பாளரின் மகள் நாற்காலியை விட்டுவிட்டுப் பிள்ளையோடு தரையில் இருந்தாள், தோள் தோளோடு முட்டும்படி. நான் கதவடியில் நின்றேன். பிள்ளை வாயைத் திறந்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், மூடினாள். "அவசரமில்லை" என்றேன், என்னால் முடிந்த அளவு அன்பாக. மறுபடி திறந்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் படிப்பித்தவள், பிள்ளை ஏன் வாசிக்கவில்லை என்று புத்தகத்திலும் வெளிச்சத்திலும் காரணம் தேடிக்கொண்டு நின்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, பாட்டுப்போல இதமான குரலில், தமிழில் சொன்னாள்:

"நீங்கள் வெளியிலை போய் நில்லுங்கோ. நீங்கள் இஞ்சை நிண்டால் இவ வாசிக்கமாட்டா."

பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ நல்ல விஷயம் கதைக்கிறார்கள் என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு விளங்கக்கூடாது என்றுதான் அது தமிழில் சொல்லப்பட்டது. நானும் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே வாசிக்கத் தொடங்கினார்கள்.